வரியா, சிக்கனமா? 1860ஆம் ஆண்டு வருமான வரி விவாதமும் சென்னை ஆளுநரின் எதிர்ப்பும்

அரசின் வரவு செலவுக்குப் போதாதபோது மக்களிடம் மேலும் வரி தண்டுவதா, அல்லது அரசு தன் செலவைக் குறைத்துக்கொள்வதா என்னும் வினா ஆட்சி தோன்றிய நாள்தொட்டு எழுந்துவரும் வினாவாகும். இந்தியாவைப் பொறுத்தவரை இவ்வினா ஆட்சியாளர்களிடையே வெளிப்படையான மோதலாக வெடித்தது 1860ஆம் ஆண்டிலேயாகும். அம்மோதலில் ஒரு பக்கம் கல்கத்தாவில் இருந்த நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன். மறுபக்கம் சென்னைக் கோட்டையில் இருந்த ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன். இருவரும் ஆங்கிலேயர். வரி செலுத்த வேண்டியவர்களுக்கோ அவ்விவாதம் நடைபெற்ற அவையில் ஓர் இருக்கையும் இல்லை. பொது வரலாற்று நூல்களில் இந்நிகழ்ச்சி பெரும்பாலும் இரண்டொரு வரிகளில் முடிந்துவிடுகின்றது. மக்கள் நலம் நாடிய ஆளுநர் ஒருவர் கொடிய வரி ஒன்றை எதிர்த்துப் பதவி இழந்தார் என்பதே பொதுவாக நிலவும் சித்திரம். அச்சித்திரம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

பற்றாக்குறையின் தோற்றம்

1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சியை ஒடுக்குவதற்கு ஆங்கில ஆட்சி செலவிட்ட தொகை மிகப் பெரிது. மூன்றாண்டுகளில் ஏற்பட்ட மொத்தப் பற்றாக்குறை ஏறத்தாழ 3 கோடி பவுண்டு. அரசின் கடனோ அதனினும் அதிகமாக உயர்ந்திருந்தது. 1860-61ஆம் ஆண்டிற்கு மட்டும் 65 இலட்சம் பவுண்டு துண்டு விழும் என வில்சன் கணக்கிட்டார். அக்காலத்தில் ஒரு பவுண்டு பத்து ரூபாய்க்கு இணையாகக் கொள்ளப்பட்டது. இப்பற்றாக்குறையின் பெரும்பகுதி படைச் செலவினால் நேர்ந்தது என்பது கவனத்திற் கொள்ளத்தக்கது. எழுச்சியை அடக்குவதற்காகத் திரட்டப்பட்ட படைகள், எழுச்சி அடங்கிய பின்னரும் கலைக்கப்படாமல் இருந்தன. அடக்கியதற்கான செலவை அடக்கப்பட்டவர்களின் தலையிலேயே சுமத்துவது என்பது முடிந்துபோன முடிவாக இருந்தது. இலண்டன் கருவூலம் அதனை ஏற்க வேண்டும் என்னும் பேச்சுக்கு அங்கு இடமே இருக்கவில்லை.

இந்நிலையில்தான் வில்சன் 1859ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1843இல் 'எகானமிஸ்ட்' இதழைத் தொடங்கியவர் அவர்; தடையற்ற வாணிகக் கொள்கையின் முன்னணிப் பரப்புநர்; இங்கிலாந்துக் கருவூலத்தின் நிதிச் செயலாளராகப் பணியாற்றியவர். 1860 பிப்ரவரி 18ஆம் நாள் சட்டமன்றத்தில் அவர் அளித்த நிதியறிக்கையே இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டமாகக் கருதப்படுகின்றது. அதில் மூன்று புதிய வரிகள் முன்மொழியப்பட்டன. தொழிலுக்கும் வணிகத்துக்கும் உரிமக் கட்டணம் ஒன்று. உள்நாட்டில் விளையும் புகையிலைக்கு ஒரு வரி. மூன்றாவது வருமான வரி. ஆண்டு வருமானம் 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை உடையோர் நூற்றுக்கு இரண்டும், அதற்கு மேற்பட்டோர் நூற்றுக்கு நான்கும் செலுத்த வேண்டும். அந்த நான்கில் ஒரு பங்கு சாலை, கால்வாய் முதலிய உள்ளூர்ப் பணிகளுக்கு ஒதுக்கப்படும் என்பது உறுதிமொழி.

தம் கொள்கைக்கு அரண் தேடிய வில்சன் மனுவின் நீதி நூலைச் சான்று காட்டினார். குடிகளிடம் வரி கொள்வது இந்துக்களின் சாத்திரத்துக்கு உடன்பாடே என்பது அவர் வாதம். அரசன் வரி கொள்ளும் நெறியைப் பற்றிப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறப்பாட்டு அப்போது ஏட்டிலேயே இருந்தது. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல்தான். அது முன்னரே அச்சேறியிருந்தால் வில்சனின் எதிர்ப்பாளர்களுக்கு நல்ல கருவியாகப் பயன்பட்டிருக்கும்.

200 ரூபாய் என்பது மாதத்திற்கு ஏறத்தாழ 17 ரூபாய். அத்தொகையை ஈட்டும் எழுத்தர் ஆண்டுக்கு நான்கு ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. இன்றைய கண்ணுக்கு இவ்விகிதம் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் விகிதத்தை மட்டும் நோக்குவது போதாது. ஒருவருடைய வருமானம் எவ்வளவு என்று அதிகாரி வினவுவதும், பதிலை நம்ப மறுத்துக் கணக்கேடுகளைக் கேட்பதும் புதியனவாய் இருந்தன. சென்னை மாகாணத்தில் இவ்வச்சத்திற்குத் தனிக் காரணம் உண்டு. வரி தண்டுவதற்காகக் குடியானவர்கள் உடல் வதைக்கு ஆளாக்கப்பட்டதை அரசே அமைத்த விசாரணைக் குழு 1855இல் ஒப்புக்கொண்டிருந்தது. அவ்வறிக்கை வெளிவந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. வதைத்தவர்கள் பெரும்பாலும் கீழ்நிலை வருவாய்ப் பணியாளர்கள். புதிய வரிக்கான மதிப்பீட்டையும் அத்தகையோரை நம்பித்தான் நடத்த வேண்டியிருந்தது.

சென்னையிலிருந்து எழுந்த குரல்

டிரெவெல்யன் 1859 மார்ச்சில் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றார். மெக்காலேயின் தங்கை கணவர். இங்கிலாந்தில் அரசுப் பணித் தேர்வு முறைக்கு வித்திட்ட 1854ஆம் ஆண்டு நார்த்கோட்-டிரெவெல்யன் அறிக்கையின் ஆசிரியர்களுள் ஒருவர். வில்சன் கருவூலத்தின் நிதிச் செயலாளராக இருந்த காலத்தில் அதே கருவூலத்தின் நிலையான தலைமை அதிகாரியாக இருந்தவர் இவரே. ஆதலால் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையே நடந்த போராட்டம், ஒரே அலுவலகத்தில் பணிபுரிந்த இருவரிடையே நடந்த போராட்டமும் ஆகும். பொருளாதாரக் கொள்கையிலும் இருவரும் ஒரே பள்ளியினர்தாம்.

1860 மார்ச்சில் டிரெவெல்யன் எழுதிய குறிப்புரையின் சாரம் இரண்டு கூறுகளை உடையது. மூன்று புதிய வரிகளை ஒருசேர விதிப்பது, ஓர் எழுச்சி தணிந்த சூட்டோடு மக்களின் மனக்கசப்பை மீண்டும் கிளறும் என்பது ஒன்று. பற்றாக்குறைக்கு மருந்து வரியன்று, செலவுக் குறைப்பே. அதிலும் படைச் செலவைக் குறைத்தாலே துண்டு விழும் தொகை அடைபட்டுவிடும் என்பது மற்றொன்று. சென்னை மாகாணம் 1857இல் பெரும்பாலும் அமைதியாக இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. வட இந்தியாவில் எழுந்த எழுச்சியின் செலவைத் தென்னிந்தியர் ஏன் சுமக்க வேண்டும் என்னும் கேள்வி சென்னையில் இயல்பாகவே எழக்கூடியது.

இவ்வெதிர்ப்பை அவர் கோப்புக்குள் வைத்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். அவரோ தம் குறிப்புரையைச் செய்தித்தாள்களுக்கு அளித்துவிட்டார். தலைமை அரசு கொண்டுவந்துள்ள ஒரு மசோதாவை மாகாண ஆளுநர் பத்திரிகை வாயிலாகக் கண்டிப்பது ஆட்சி ஒழுங்கிற்கு மாறானது எனக் கல்கத்தாவும் இலண்டனும் கருதின. இந்திய அமைச்சர் சர் சார்லஸ் உட் அவரைத் திருப்பி அழைத்தார். 1860ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் டிரெவெல்யன் சென்னையை விட்டு நீங்கினார். பாராளுமன்றத்தில் இம்முடிவுக்காக வாதிட்டவர்களே அவருடைய தகைமையையும் உழைப்பையும் புகழ்ந்து பேசினர் என்பது விந்தையான செய்தி. கருத்துக்காக அன்று, கருத்தை வெளியிட்டதற்காகவே அவர் தண்டிக்கப்பட்டார் எனலாம். செலவைக் குறைக்க முடியும் என்னும் அவருடைய வாதத்தைப் பிழையென்று காட்ட எவரும் பெரிதாக முயன்றதாகத் தெரியவில்லை. தலைமை ஆளுநர் கானிங் பிரபுவே, வெறுப்பை விளைக்கும் வரிகளை விதித்துப் பெரும்படையை வைத்திருப்பதைக் காட்டிலும், 40,000 ஐரோப்பிய வீரர்களை மட்டும் கொண்டு நாட்டை ஆளும் அபாயத்தையே விரும்புவேன் என்ற கருத்துப்படப் பேசியதாகக் கூறுவர்.

வருமான வரிச் சட்டம் 1860 ஜூலை 24ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. புகையிலை வரி கைவிடப்பட்டது. சட்டம் நிறைவேறி மூன்று வாரங்கள் கழிவதற்குள், ஆகஸ்டு 11ஆம் நாள், வில்சன் வயிற்றுக்கடுப்பு நோயால் கல்கத்தாவில் இறந்தார். தாம் விதித்த வரியின் முதலாண்டு விளைவைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

யாருடைய சுமை?

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்க வேண்டியுள்ளது. டிரெவெல்யனைச் சென்னை மக்களின் காவலராக மட்டும் காண்பது வரலாற்றுக்கு முழு நீதி செய்வதாகாது. 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்திய அதிகாரி அவரே. அரசு உதவி மிகுந்தால் மக்கள் உழைப்பை மறப்பர் என்று கருதி அவர் காட்டிய கடுமை அயர்லாந்தில் இன்றளவும் கசப்போடு நினைவுகூரப்படுகின்றது. சென்னையில் படைச் செலவுக்கு எதிராக ஓங்கிய அதே சிக்கனக் கொள்கை, அயர்லாந்தில் பட்டினிக்காரனின் கஞ்சிக்கு எதிராகவும் ஓங்கியிருந்தது. எந்தச் செலவைக் குறைப்பது என்று சொல்லாதவரை சிக்கனம் என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் இல்லை.

மேலும், வருமான வரியை எதிர்த்தவர்கள் யாவர் என்பதும் ஆராயத்தக்கது. அக்கால அரசின் வருவாயில் முதலிடம் நிலவரிக்கு. அதனை அடுத்து நின்றவை அபினியும் உப்பும். நிலவரியை உழவரும், உப்பு வரியை உண்போர் அனைவரும் செலுத்தினர். பெருஞ்சம்பளம் பெற்ற ஆங்கில அதிகாரி, கல்கத்தாவின் ஐரோப்பிய வணிகர், சென்னை வழக்கறிஞர், வட்டிக்கடைக்காரர், வங்காள ஜமீன்தார் ஆகியோரின் வருவாயை நேரடியாகத் தொட்ட முதல் பெருவரி இதுவே. நிரந்தர நிலவரித் திட்டத்தின்கீழ் தமக்களிக்கப்பட்ட வாக்குறுதியை இது மீறுகின்றது என ஜமீன்தார்கள் வாதிட்டனர். எழுதத் தெரிந்தவர்களும் பத்திரிகை நடத்தியவர்களும் இவ்வரியின் வலையில் விழுந்தனர். எனவே இதற்கு எதிரான குரல் உரத்து ஒலித்தது. உப்பு வரிக்கு அத்தகைய குரல் வாய்க்கவில்லை. சென்னை மாகாணத்தில் உப்பின் மீதான சுமையும் இதே ஆண்டுகளில் ஏறிக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது, அக்கால விவாதம் எவ்வளவு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது என்பது புலனாகும்.

சென்னையில் நெசவாளர், கைவினைஞர், சிறு வணிகர் ஆகியோர் மீது 'மொகதர்பா' என்னும் பழைய தொழில்வரி ஒன்றும் இருந்துவந்தது. சென்னை மக்கள் சங்கம் 1850களில் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இவ்வரியின் கொடுமை எடுத்துரைக்கப்பட்டிருந்தது. ஏழை நெசவாளனின் தறிக்கு வரி வாங்கிய அரசு, செல்வரின் வருவாய்க்கு வாங்காமலிருந்ததே பழைய முறை. இதனை நோக்க, வில்சனின் திட்டத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுக்க இயலாது. நாம் காணும் குறை, வரி விதித்ததில் இல்லை. எதற்காக விதித்தனர் என்பதிலும், விதித்தவர்களைக் கேள்வி கேட்க வழியில்லாமற் போனதிலுமே உள்ளது.

வரியின் விளைச்சலோ எதிர்பார்ப்புக்கு ஏற்றதாக இல்லை. நல்ல ஆண்டிலும் அது 20 இலட்சம் பவுண்டைப் பெரிதும் தாண்டவில்லை. சிறு வருமானக்காரர்களிடம் தண்டுவது தொல்லை மிகுந்தும் பயன் குறைந்தும் இருந்ததால், வில்சனுக்குப் பின்வந்த சாமுவேல் லெயிங் 1862இல் விலக்கு வரம்பை 500 ரூபாயாக உயர்த்தினார். வரி செலுத்துவோரில் பெரும்பகுதியினர் இதனால் விடுபட்டனர். மறுபுறம், படைச் செலவு உண்மையிலேயே குறைக்கப்பட்டது. அதற்கான படைநிதிக் குழுவை அமைத்தவர்கள் வில்சனும் கானிங்கும்தாம்; டிரெவெல்யன் கேட்டதை அவரை விலக்கியவர்களே நிறைவேற்றினர்.

வரலாற்றின் வேடிக்கை இத்துடன் முடியவில்லை. பதவியிழந்த டிரெவெல்யன் 1862இல் அதே நிதி உறுப்பினர் பொறுப்பேற்று இந்தியா திரும்பினார். 1863இல் நூற்றுக்கு நான்காக இருந்த விகிதத்தை மூன்றாகக் குறைத்தார். ஐந்தாண்டுக்கென விதிக்கப்பட்ட சட்டம் 1865இல் காலாவதியானபோது, அதனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்.

பின்வந்த தலைமுறை

அதன்பின் இருபதாண்டுகள் வருமான வரி வருவதும் போவதுமாக இருந்தது. 1867இல் உரிமக் கட்டணம். 1869இல் மீண்டும் வருமான வரி. 1873இல் நார்த்புரூக் பிரபு அதனை நீக்கினார், உப்பு வரியைக் குறைக்கவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் இவ்விவாதத்தின் போக்கையே மாற்றியது. பஞ்ச நிவாரணத்துக்கான காப்பு நிதி என்று கூறித் தொழிலர், வணிகர் மீது உரிம வரி விதிக்கப்பட்டது. அதிகாரிகளுக்கும் வழக்கறிஞர் முதலிய கற்றறிந்த தொழிலினருக்கும் விலக்கு. அதே 1878இல் சென்னை மாகாணத்தில் மணங்கு உப்புக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த வரி 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. பட்டினியில் இலட்சக்கணக்கானோர் மாண்ட மாகாணத்தில், பட்டினி தீர்ந்தும் தீராத ஆண்டில், உப்பின் மீது இவ்வுயர்வு! பஞ்ச நிதிக்கென்று தண்டிய பணம் விரைவில் ஆப்கானியப் போர்ச் செலவோடு கலந்துபோனது. படைச் செலவைப் பற்றி 1860இல் ஓர் ஆங்கில ஆளுநர் எழுப்பிய கேள்வியை இந்தியர் தம் வாயால் கேட்கத் தொடங்கியது இக்காலத்திலிருந்துதான்.

1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசு, படைச் செலவை உயர்த்துவது தேவையற்றது, நாட்டின் வருவாய்க்கு மிஞ்சியது எனத் தீர்மானித்தது. அதற்கு அடுத்த தீர்மானமோ ஆழ்ந்து நோக்கத்தக்கது. அச்செலவு தவிர்க்க முடியாததாயின், இதுவரை விலக்குப் பெற்றிருந்த அதிகாரிகள் உள்ளிட்ட பிரிவினருக்கும் உரிம வரியை நீட்டித்து அதனை ஈடுசெய்யலாம் என்றது அது. படித்த நடுத்தர வகுப்பினர் தங்கள் மீதே வரி விதிக்கச் சொன்ன அரிய தருணம் இது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் செய்தது. வேளாண் வருமானத்துக்கு மட்டும் விலக்களித்தது. அவ்விலக்கின் நிழலில் பெருநிலக்கிழார்கள் நெடுங்காலம் சுகமாய் இருந்தனர் என்பது வேறு கதை. எனினும் நடைமுறையில் மதிப்பீட்டாளர்களின் தொல்லை மிகவே, 1887இல் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரசு விலக்கு வரம்பை 1,000 ரூபாயாக உயர்த்துமாறு கேட்டது. அக்கோரிக்கை நிறைவேறப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1903இல்தான் வரம்பு உயர்ந்தது. உப்பு வரியும் அவ்வாண்டே 2 ரூபாயாகக் குறைந்தது.

இடைப்பட்ட காலத்தில் இந்தியச் செலவினங்களை ஆராய்வதற்கு அமைந்த வெல்பி ஆணையத்தின்முன் 1897இல் சான்றளித்த இந்தியருள் 'சுதேசமித்திரன்' நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். தீன்ஷா வாச்சா, கோகலே, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோர் மற்றவர்; தாதாபாய் நவ்ரோஜி ஆணையத்தின் உறுப்பினராகவே இருந்தார். 1892ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, புதிய வரி முன்மொழியப்படும் ஆண்டில் அன்றிச் சட்டமன்றத்தில் நிதியறிக்கையை விவாதிக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. வரியை உயர்த்தினால் கேள்வி பிறக்கும். செலவை உயர்த்தினால் பிறக்காது. இத்தகைய ஏற்பாட்டில் சிக்கனம் எவ்வாறு தழைக்கும்?

நீரிணைக் குடியேற்றங்களின் அனுபவம்

வில்சனும் டிரெவெல்யனும் மோதிக்கொண்ட 1860இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்களும் கல்கத்தாவின் ஆட்சிக்கே உட்பட்டிருந்தன. ரூபாய் நாணயத்தைப் புகுத்த முயன்றதும் துறைமுகக் கட்டணப் பேச்சும் இங்குள்ள வணிகர்களைச் சினங்கொள்ளச் செய்திருந்தன. இந்திய ஆட்சியினின்று தங்களைப் பிரித்துவிடுமாறு அவர்கள் 1857இல் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். 1867 ஏப்ரல் 1இல் அது நிறைவேறியது. சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் பெருமை இங்குக் காக்கப்பட்டது. அதற்கு ஈடாக அரசின் பெட்டியை நிரப்பியது அபினியே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியால் வந்தது. கப்பலிலும் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்த சீனக் கூலிகள் புகைத்துத் தீர்த்த காசில், வரியற்ற வாணிகம் செழித்தது.

படைச் செலவு குறித்த சச்சரவும் இங்கு உண்டு. குடியேற்றங்கள் செலுத்த வேண்டிய படைப் பங்களிப்பு உயர்த்தப்பட்டதைக் கண்டித்து, 1895இல் சட்டமன்றத்தின் அதிகாரி சாரா உறுப்பினர்கள் பதவி விலகினர். வருமான வரி முதலாம் உலகப்போரின்போது 1917இல் போர் வரியாக இங்கு நுழைந்து 1922இல் நீங்கியது. அதனை நிலையாக்கும் முயற்சி இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஹீஸ்மன் அறிக்கையோடு வந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் சீரமைக்கப்பட வேண்டிய நிலை; அபினி வருவாயும் அற்றுப்போயிருந்தது. இம்முறை வரியின் நோக்கம் படையன்று என்பது 1860க்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. ஆயினும் சிங்கப்பூர் வணிகர்கள் கேட்ட கேள்வி பழையதே: மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் அமையும் முன் இவ்வரியை விதிக்க அவசரம் என்ன? ஆலோசனைக் குழுவின் எதிர்ப்பையும் மீறி ஆளுநர் கிம்சன் தம் தனியதிகாரத்தைப் பயன்படுத்திச் சட்டத்தை நிறைவேற்றினார். வருமான வரி 1948 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரின் முதல் சட்டமன்றத் தேர்தல், ஆறே இடங்களுக்கு, அவ்வாண்டு மார்ச் 20ஆம் நாள் நடைபெற்றது.